குறுக்குப் பாதையை மூடாதீர்கள், ஐயா

(ஹட்டனில் நடந்த எங்கள் நடைக் கழகத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் பேசியது. நேரம் போதாமல் மேடையில் விட்ட சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன். வெட்டச் சொன்ன கல்யாணக் கதையை வெட்டவில்லை.)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, பிரதம அதிதியாக வந்திருக்கும், அதுவும் சொன்ன நேரத்துக்கே வந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, விகாரையிலிருந்து வந்திருக்கும் மதிப்புக்குரிய ஹாமதுரு, பங்குத் தந்தை, பள்ளிவாசல் நிர்வாக சபையின் ஹாஜியார், எங்கள் பிரஷரைப் பார்த்துப் பார்த்தே தன் பிரஷரை ஏற்றிக்கொண்ட டொக்டர் சேர், உங்கள் எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் தோட்ட முகாமையாளர் ஐயாவும் இருக்கிறார். நீங்கள் வந்ததில் எனக்கு இரண்டு வகையில் சந்தோஷம் சேர், இரண்டாவது வகை எது என்பது போகப் போகத் தெரியும். பேனர் அடித்துத் தந்த ஹார்ட்வெயார் முதலாளிக்கு விசேஷ நன்றி. எங்கள் கழகத்தின் பெயரை விட உங்கள் கடைப் பெயர் அதில் பெரிதாக இருக்கிறது, பரவாயில்லை, மழைக்கு முன்னால் தகரம் எங்கே வாங்குவது என்று சபையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் என் நேரத்தில் பாதி போய்விட்டதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று விஷயம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். நடையும் உடம்பும், நடையும் சிநேகமும், இளைஞர்கள் ஏன் வருவதில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் என்னிடம் இருக்கிறது, அது கழகத்துக்காரர்களுக்கு அலுத்தே போயிருக்கும்: நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை.

முதலாவதை டொக்டர் சேரே பேசிவிட்டார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம ஊர் மேட்டுக்கு அதில் பாதி போதாதா என்று பின்வரிசை அண்ணன் ஒருவர் கேட்டார். போதாது அண்ணே. பஸ் ஸ்டாண்ட் வரை போய் இரண்டு உளுந்து வடை தின்றுவிட்டுத் திரும்புவதும் கணக்கில் சேராது. முதலாவது முடிந்தது.

இரண்டாவதுதான் எனக்கு இஷ்டமானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மல்லியப்பூ சந்தியில் வந்து பாருங்கள். பென்சன் எடுத்த வங்கிக்காரர், தையல்கார அண்ணன், டீச்சர்மார், காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் ஒரு காலத்தில் பெயர் வாசித்த கணக்கப்பிள்ளை ஐயா, அந்தப் பெரட்டில் நின்ற அக்காமார் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இப்போது கணக்கப்பிள்ளை பிந்தி வந்தால் அக்காமார் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிறார்கள்! மாதம் ஒரு தடவை தூர நடை. காசல்ரீ நீர்த்தேக்கக் கரை, தலவாக்கலைப் பக்கம் சென்கிளயார், டெவன் நீர்வீழ்ச்சிகள் தெரிகிற மேடுகள், எப்போதாவது வேன் பிடித்து ஹோர்ட்டன் சமவெளி. அங்கே உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஒன்பது பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், பிறகு மூட்டம் ஏறி வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. டிசம்பர் பௌர்ணமிப் போயாவுக்கு சிவனொளிபாத மலை சீசன் தொடங்கினால் நல்லதண்ணிப் பக்கம் படிக்கட்டில் போத்தலும் பொலித்தீனும் பொறுக்கப் போகிறோம். 2,243 மீற்றர் உயர மலை, உச்சி வரை ஏறுகிறவர்கள் ஏறட்டும், நாங்கள் முழங்கால் சொல்கிற இடத்தில் திரும்புவோம்.

எங்களுக்குள்ளும் கட்சி உண்டு. காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பா சவர்க்காரமா என்று இரண்டு அணி. உப்புக்காரர்கள் சவர்க்காரக்காரர்களோடு ஒரு வாரம் முழுக்கப் பேசாமலே நடந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கட்சி கிடையாது, குளவி. சென்ட் பூசிக்கொண்டு வரக் கூடாது, கூடு கட்டிய மரத்தடியில் சத்தம் போடக் கூடாது. இது விளையாட்டில்லை, கொழுந்து பறிக்கிற மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், உயிரும் போயிருக்கிறது.

இனி அந்தக் கல்யாணக் கதை. சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு ஞாயிறு, கொட்டகலைப் பக்கம் இறங்கி ஒரு தோட்டத்துக்குள்ளால் திரும்பி வருகிறதாகத் திட்டம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எங்கள் கணக்கு மாஸ்டர் கையில் போன், போனில் வரைபடம். மாஸ்டர் சொன்னால் வட்டமும் சதுரமாகும், நாங்களும் பின்னால் போனோம். பனி இறங்கிவிட்டது, முன்னால் போகிறவரின் தொப்பிகூடத் தெரியவில்லை. வரைபடம் “நேராகப் போ” என்கிறது, நேரே பார்த்தால் பள்ளம். வங்கிக்காரர் புதுச் சப்பாத்தோடு தண்ணீர்க் காணுக்குள் இறங்கிவிட்டார், அவரை வெளியே எடுத்தோம், ஒரு சப்பாத்து வெளியே வரவில்லை. அந்த நேரம் பார்த்து மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு விறகுக் கட்டு நடந்து வருகிறது. கிட்ட வந்த பிறகுதான் விறகுக்குக் கீழே ஒரு பாட்டி இருப்பது தெரிந்தது.

“எங்கய்யா போறீங்க?”

“நடக்கிறோம் அம்மா.”

“அது தெரியுது. நடந்து எங்க போறீங்க?”

“எங்கயும் இல்ல, சும்மா நடக்கிறோம்.”

பாட்டி விறகை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். “நாங்க வயித்துக்காக நடந்தோம். நீங்க வயித்தக் கொறைக்க நடக்குறீங்களா?” மாஸ்டருக்கு அதற்கு விடை தெரியவில்லை, போனிலும் இல்லை.

“வாங்க, குறுக்கால கூட்டிட்டுப் போறேன்” என்று பாட்டி முன்னே நடந்தார். தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மலை ஓரமாக ஒரு ஆள் மட்டும் போகிற பாதை, அப்புறம் ஓடைக்கு மேலே ஒரு பலகைப் பாலம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை, அதிலிருந்து ஏறினால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற மேட்டு லயம். இருபதே நிமிடம். அவரோ வெறுங்காலோடு, தலையில் விறகோடு. நாங்கள் சப்பாத்தோடு மூச்சு வாங்கினோம். (வங்கிக்காரர் ஒற்றைச் சப்பாத்தோடு.)

லயத்து வாசலில் வாழை மரம், பந்தல், ஸ்பீக்கர். கல்யாண வீடு! பெண்ணின் அப்பா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா? பஸ் வரலியா, நடந்தா வந்தீங்க, ஐயோ” என்று எங்களை விளக்கம் சொல்லவே விடாமல் உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்து சாயத்தண்ணி கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் உண்மையான மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்கள் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்து அதைவிட மரியாதை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையில் அட்டை கடித்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, “பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார். மாஸ்டர் அசரவில்லை. “தூரத்துச் சொந்தம்” என்றார். “எவ்வளவு தூரம்?” “ஹட்டன்ல இருந்து நடந்தே வர்ற தூரம்.”

சோறு, பருப்பு, அப்பளம், பாயாசம், எல்லாம் சாப்பிட்டோம். சாப்பிட்டால் மொய் எழுத வேண்டுமே! நடைக்கு வருகிறவன் பேர்ஸ் கொண்டு வருவானா? எல்லார் பையையும் கவிழ்த்து, டீச்சரின் காலுறைக்குள் இருந்த அவசரக் காசையும் சேர்த்து எழுதினோம், பெயர் கேட்டதற்கு “நடைக் கழகம், ஹட்டன்” என்றோம். அப்போதுதான் பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது. அவர் கோபப்படவில்லை, அடுத்த ஞாயிறு தானும் வருவதாகச் சொன்னார். வந்தார். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டையோடு இருக்கிறார், எழுந்து நில்லுங்கள் அண்ணே! கைதட்டுங்கள்! நடந்தால் நாடெல்லாம் உறவு என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், மொய் நோட்டில் எழுதியே இருக்கிறது.

இப்போது கை தட்டியது போதும், நான் சொல்ல வந்தது இனித்தான்.

அந்தப் பலகைப் பாலம் இன்றைக்கு இல்லை. மழையில் போய்விட்டது, யாரும் திரும்பப் போடவில்லை. பாதையின் மேல் முனையில் கம்பி வேலி. பாட்டி எங்களை இருபது நிமிடத்தில் கொண்டுவந்த தூரத்துக்கு மேட்டு லயத்துப் பிள்ளைகள் இப்போது வண்டி போகிற கரத்தை ரோட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கிறார்கள், மழை என்றால் ஆட்டோ, ஆட்டோவுக்குக் காசில்லை என்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கிளினிக் போகிற கர்ப்பிணிக்கும் அதே சுற்றுத்தான். ஒரு பலகை, ஐயா.

இந்தக் குறுக்குப் பாதைகளை எந்த எஞ்சினியரும் வரைந்து போட்டதில்லை. நடந்து வந்த சனம் நடந்து போட்ட பாதை. கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள், வழியிலேயே எத்தனையோ பேர் விழுந்தார்கள். அதை நினைத்துத்தான் 2023இல், அவர்கள் மலையகத்துக்கு வந்த 200 ஆண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் திரும்பவும் நடந்தார்கள். 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை வந்தது, அதற்குப் பிறகு லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோருக்கு, இஸ்டோரிலிருந்து கோயிலுக்கு என்று காலால் கோடு போட்டார்கள். காணிப் பத்திரத்தில் அவர்களுக்கு ஒரு பேர்ச் இல்லை. பாதையாவது இருந்தது.

பெக்கோ ட்ரெயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழி, 22 கட்டம், நம்ம கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கமும் வருகிறது. பழைய தேயிலைப் பாதைகளைத்தான் கோத்திருக்கிறார்கள். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை, வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து நடந்தால் வழியில் ரொட்டி சுடுகிற அக்காவுக்கு நாலு காசு. ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் விருந்தாளிக்கு அம்புக்குறி, அந்தப் பக்கம் வீட்டுக்காரனுக்குக் கம்பி வேலி என்றால் என்ன நியாயம்?

முகாமையாளர் சேர், உங்கள் தோட்டத்தைச் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துப் பயமும் எனக்குத் தெரியும். கொழுந்து களவு, மரம் களவு, காய்ந்த மாதங்களில் மானாப் புல்லுக்குத் தீ வைக்கிறவர்கள், பாதையில் யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி. எல்லாம் உண்மை. ஆனால் ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் களவு குறையுமா கூடுமா? மூடின பாதையில் இருட்டினால் சிறுத்தையும் களவாணியும்தான் போவார்கள், நாங்கள் போக மாட்டோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பார்த்தோமே. பெரிய ரோடுகள் எத்தனை இடத்தில் மண்சரிந்து அறுந்தன, ரயில் பாதை தொங்கியது. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் மாவும் மருந்தும் தோளில் போட்டுக்கொண்டு எந்த வழியால் ஏறினார்கள்? குறுக்கால்தான். எந்தக் குறுக்கு எந்த லயத்துக்குப் போகும் என்று தெரிந்த கிழவர்கள் இருந்ததால் ஏறினார்கள். அந்தக் கிழவர்களில் பாதிப் பேர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள், அடுத்த தலைமுறைக்கு அது எழுத்தில் இல்லை.

தவிசாளர் அவர்களே, உங்களுக்கு மாலை போட்ட கையோடு கேட்கிறேன். முன்பெல்லாம் கேட்டால், தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணத்தைச் செலவழிக்கச் சட்டம் விடாது என்று சொல்வார்கள், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டுவார்கள். 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. தோட்ட மக்களுக்கும் வீதி, குடிநீர் போன்ற வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம். அதே வருஷம் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று சபைகளும் பிரிந்து நமக்குக் கிட்ட வந்துவிட்டன. கொங்கிரீட் போடச் சொல்லவில்லை, கொங்கிரீட் போட்டால் மோட்டார் சைக்கிள் வந்துவிடும். பாதையின் பெயரைச் சபைப் பதிவில் ஏற்றுங்கள், செங்குத்தான இடத்தில் கல்படியும் ஒரு கைபிடியும் வையுங்கள், ஓடைக்குப் பாலம் போடுங்கள், மூடுவதென்றால் லயத்து மக்களைக் கேட்காமல் மூடக் கூடாது என்று தோட்ட நிர்வாகத்தோடு எழுத்தில் முடிவு செய்யுங்கள். தவிசாளர் தலையாட்டுகிறார். வீடியோ எடுக்கிற தம்பி, அதை எடுத்தாயா?

மூன்றாவது விஷயம் இளைஞர்கள். கொழும்புக்குப் போனவன் கடையில் நிற்கிறான், இங்கே இருக்கிறவன் ஞாயிறு கிரிக்கெட் விளையாடுகிறான், காலை ஆறு மணிக்கு எழுப்புவது எப்படி என்று எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, தலைவர் மணி அடித்துவிட்டார். படுத்தால் பாயும் பகை என்று மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

வெளியே போகிற வழியில், வடைத் தட்டுக்குப் பக்கத்து மேசையில், டீச்சர் ஒரு கொப்பியோடு இருப்பார். உங்கள் தோட்டம், டிவிஷன், குறுக்கு எந்த லயத்தில் தொடங்கி எங்கே இறங்குகிறது, எங்கே உடைந்திருக்கிறது, எங்கே வேலி போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார். எழுத முடிந்தவர்கள் எழுதுங்கள், மற்றவர்கள் சொல்லுங்கள், போதும். கீழே கையெழுத்தும் வேண்டும், அடுத்த சபைக் கூட்டத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டிய மனு அது. வடை கையெழுத்துப் போட்ட பிறகுதான், அப்படி டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஹாமதுருவுக்கும் குருக்கள் ஐயாவுக்கும் மட்டும் விலக்கு, ஆனால் அவர்களும் போட்டால் சபையில் எடை கூடும்.