ஹோங்சுன்: வாய்க்காலோடு ஒரு நடை

வணக்கம். இன்றைக்குக் குரலை வேண்டுமென்றேதான் தாழ்த்திப் பேசுகிறேன். மணி காலை ஐந்தேமுக்கால். ஊர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் கொஞ்சம் வாயை மூடிக்கொள்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

கேட்டதா? தண்ணீர். எந்தச் சந்தில் நுழைந்தாலும் இந்தச் சலசலப்பு கூடவே வருகிறது. கேமராவைக் கீழே காட்டுகிறேன், பாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி, கல் பாவிய, ஓர் ஆள் தாண்டிவிடக்கூடிய வாய்க்கால். இதைச் சாக்கடை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் போனேன்.

இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் அன்ஹுய் மாகாணம், அதன் தென்கோடியில் யீ மாவட்டம், ஹோங்சுன் கிராமம். ஹுவாங்ஷான் என்ற மஞ்சள் மலையின் தென்மேற்கு அடிவாரம். பக்கத்தில் ஷீதி என்று இன்னொரு பழைய ஊர். இரண்டையும் சேர்த்து 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நேற்று முன்தினம் சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கினேன். அதைவிட மோசமான நேரம் கிடையாது. கொடி பிடித்த வழிகாட்டிகள், இடுப்பில் ஒலிபெருக்கி, ஒவ்வொருவர் பின்னாலும் நாற்பது தொப்பிகள். போதாக்குறைக்குக் குளக்கரை நெடுக முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓவியக் கல்லூரி மாணவர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அழகாகவே வரைகிறார்கள். ஆனால் என் படத்தில் ஊரே தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. எரிச்சலில் அன்று எடுத்ததை எல்லாம் அழித்துவிட்டேன். அதனால் உங்களுக்கு முதல் யோசனை: ஊருக்குள்ளேயே ஒரு விடுதியில் இரவு தங்குங்கள். மாலையில் பஸ்கள் கிளம்பிய பிறகு ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறது.

சரி, தண்ணீரோடு நடப்போம். ஊருக்கு மேற்கே ஓர் ஓடை இருக்கிறது. கல்லணை கட்டி அதன் தண்ணீரைத் திருப்பி ஊருக்குள் விட்டிருக்கிறார்கள். பம்பு கிடையாது, சக்கரம் கிடையாது, நிலத்தின் சரிவு மட்டும்தான். இந்த ஊரை இவர்கள் ஒரு மாடாகப் பார்க்கிறார்கள். பின்னால் இருக்கும் லெய்காங் குன்று தலை. ஊர் முகப்பில் நிற்கும் இரண்டு கிழட்டு மரங்கள் கொம்புகள். வீடுகள் உடம்பு, பாலங்கள் கால்கள். நாம் கூடவே நடக்கிற இந்த வாய்க்கால்தான் குடல்.

அந்த மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணப் பல்லக்கு ஒரு மரத்தைச் சுற்றி வருமாம், சவப்பெட்டி மற்றொன்றைச் சுற்றிப் போகுமாம். நல்லதற்கொன்று, கெட்டதற்கொன்று. நேற்று அந்த இரண்டாவது மரமான கிங்கோவின் நிழலில் உட்கார்ந்துதான் இது தெரியாமல் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

இதோ, குடல் வந்து சேரும் இடம். நிலாக் குளம், மாட்டின் வயிறு. மூச்சே நின்றுவிடும் போலிருக்கிறது, இல்லையா? வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, இரண்டும் தலைகீழாகத் தண்ணீரில். காற்று துளிக்கூட இல்லை. குளம் முழு வட்டமாக இல்லாமல் அரைவட்டமாக இருப்பதைக் கவனியுங்கள். முழுநிலா மறுநாளிலிருந்து தேயத் தொடங்கிவிடும், பாதி நிலாவுக்கு வளர இடமிருக்கிறது என்பது இவர்கள் கணக்கு.

இந்தக் குளத்தையும் வாய்க்காலையும் வெட்டுவித்தவர் ஒரு பெண் என்று ஊரில் சொல்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம், மிங் அரசமரபின் யோங்லே பேரரசர் காலம். இந்த ஊரின் வாங் குலத் தலைவர் அரசு வேலையாக வெளியூரில் இருக்க, அவருடைய மனைவி ஹூ ச்சோங் நம்மூர் வாஸ்து போல நிலம் பார்ப்பவர்களை வரவழைத்து வேலையை முன்நின்று நடத்தினாராம். குளத்தின் வடகரையில் இருக்கும் குல மண்டபத்தில் அவருடைய படம் மாட்டியிருக்கிறது. பெண்களை உள்ளேயே விடாத மண்டபங்கள் இருந்த நாட்டில் இது சின்ன விஷயமில்லை. நேற்று அந்தப் படத்தின் முன்னால் ஒலிபெருக்கிக்காரர் பத்து விநாடிதான் நின்றார்.

மாடு அசைபோடும் பிராணி, அதற்கு ஒரு வயிறு போதாது. அப்படிச் சொல்லித்தான் 1607இல் ஊருக்குத் தெற்கே இன்னொரு வயிற்றையும் வெட்டினார்கள், அதுதான் தெற்கு ஏரி. வில்லைப் போல வளைந்திருக்கும், நடுவில் கூன் முதுகுப் பாலம். தபால் அட்டைகளில் நீங்கள் பார்த்திருப்பது அநேகமாக அதைத்தான்.

ஒரு நிமிடம். ஓர் அம்மா வாளியோடு வருகிறார், வழி விடுகிறேன்... நி ஹாவ்! சிரித்துவிட்டுப் போகிறார். எட்டு மணி வரை இந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், அதற்குப் பிறகுதான் துணி துவைக்க. இது பழைய ஊர்க்கட்டுப்பாடு. இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் கீரை கழுவவும் துணி அலசவும் வாய்க்காலுக்கு வருகிறவர்களை நேற்றும் பார்த்தேன்.

சுவர்களை அண்ணாந்து பாருங்கள். கூரைக்கும் மேலே படிப்படியாக ஏறி நிற்கின்றன. குதிரைத் தலைச் சுவர் என்று பெயர். வீட்டோடு வீடு ஒட்டியிருப்பதால், ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவாமல் தடுக்கத்தான் இது. வெளிப்பக்கம் ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை, உயரத்தில் சின்னச் சின்னப் பொந்துகள். அதற்கும் காரணம் இருக்கிறது. இது ஹுய்ஜோவ் வணிகர்களின் மண், ஹுய்ஜோவ் என்பது இந்த வட்டாரத்தின் பழைய பெயர். மலை அதிகம், வயல் குறைவு. “போன பிறவியில் புண்ணியம் செய்யாதவன் ஹுய்ஜோவில் பிறப்பான், பதிமூன்று பதினான்கு வயதில் வெளியே வீசப்படுவான்” என்று இங்கே ஒரு பழமொழி. உப்பு, தேயிலை, மரம், அடகுக்கடை என்று ஆண்கள் வருடக்கணக்கில் வெளியூரிலேயே இருந்தார்கள். வீட்டில் பெண்கள். திருடனுக்குப் பயந்து கட்டிய சுவர், பெண்களுக்கும் சுவராகவே நின்றது.

அப்படியானால் வெளிச்சம்? நடுவில் கூரையைத் திறந்துவிட்டார்கள். தியான்ஜிங், அதாவது வானக் கிணறு. நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்து மழையை வீட்டுக்குள்ளேயே கொட்டும். தண்ணீர் என்றால் செல்வம், அது அடுத்தவன் வாசலுக்குப் போகக் கூடாது. வணிகன் மூளை!

வாங் திங்குய் என்ற உப்பு வணிகர் 1855இல் கட்டிய செங்ஜி மாளிகைக்கு நேற்று மாலை போனேன். உத்தரம் முழுக்கப் பொன் பூசிய மரச் செதுக்கல், சீட்டாட்டம் போல ஆடும் மாஜோங்குக்குத் தனி அறை, அபின் புகைக்கவும் தனி அறை. எனக்கு அந்த வீடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, பணம் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறது. இங்கே வீட்டுக் கூடங்களில் நீள மேசை மேல் ஒரு பக்கம் பூச்சாடி, மறுபக்கம் கண்ணாடி, நடுவில் கடிகாரம் வைக்கிறார்கள். அந்தப் பொருள்களின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் “வாழ்நாள் முழுக்க அமைதி” என்று சீனத்தில் ஒலிக்குமாம். வீட்டில் இருந்தவர்களுக்கு அது வேண்டியிருந்தது.

ஷீதி பற்றிச் சுருக்கமாக. முகப்பிலேயே 1578இல் எழுப்பிய கல்தோரணம் நிற்கும். முன்பு அங்கே பதின்மூன்று தோரணங்கள் இருந்தனவாம். கலாச்சாரப் புரட்சியில் மற்றவை போய்விட்டன, இது ஒன்றுதான் மிச்சம். “பழைமை எவ்வளவு கெட்டது என்று காட்ட ஒன்றாவது வேண்டும்” என்று விட்டுவைத்ததாக ஊரில் சொல்கிறார்கள். இப்போது அதன் முன்னால் நின்றுதான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஹோங்சுன், இரண்டு நாள் என்றால் ஷீதியும்.

வருகிற வழி: ஹாங்ஜோவிலிருந்து அதிவேக ரயிலில் ஹுவாங்ஷான் வடக்கு நிலையம், அங்கிருந்து பஸ். நுழைவு டிக்கெட் ஓர் ஊருக்குச் சுமார் 100 யுவான், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பணத்தாளை நீட்டினால் கடைக்காரர்கள் சில்லறைக்குத் தவிக்கிறார்கள். அலிபே என்ற செல்பேசிப் பணச் செயலியில் உங்கள் கார்டை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். மார்ச் கடைசியிலிருந்து கடுகுப்பூ மஞ்சள், நவம்பரில் பக்கத்து தாச்சுவான் கிராமத்தில் இலைகள் சிவக்கும். கோடை விடுமுறையில் மட்டும் வராதீர்கள்.

சாப்பாடு. பூஞ்சை வெள்ளை முடியாக வளர்ந்து நிற்கும் டோஃபுவைக் கல்லில் போட்டு வாட்டித் தருகிறார்கள். பார்க்கத்தான் பயம், தின்றால் நன்றாக இருக்கிறது, இரண்டு தட்டு வாங்கினேன். நாற்றமீன் என்று ஒன்று உண்டு, உப்பிட்டுப் புளிக்கவைத்த ஆற்று மீன். கருவாடு பழகிய மூக்குதான் என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். பாதிதான் முடிந்தது.

அதோ, முதல் கொடி பாலத்தில் ஏறிவிட்டது. மஞ்சள் தொப்பிகள். ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிறார், கேட்கிறதா? தண்ணீர்ச் சத்தம் இனி கேட்காது. நான் அணைப் பக்கம் போகிறேன், அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.