பழைய இரும்புக்காரர் சொன்ன விலை

நடுவர் அவர்களே, ஹட்டன் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோரே, வணக்கம்.

'பழைய அடுப்புகளின் வரலாற்றைக் காப்பது அவசியமே' என்று பேச வந்தேன். ஆனால் எதிரணித் தம்பி, "துருப்பிடித்த அடுப்புக்கு வக்காலத்து வாங்கும் இந்த அணியையே பழைய இரும்புக்குப் போடலாம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி, பழைய இரும்புக்கே வருகிறேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் அறையான காம்பராவில் ஒரு பித்தளை பம்ப் அடுப்பு இருந்தது. 1892இல் சுவீடன்காரர் லிண்ட்குவிஸ்ட் உண்டாக்கிய பிரைமஸ் வகை. ஸ்பிரிட் ஊற்றித் தலையைச் சூடாக்கி, பம்ப் அடித்தால் மண்ணெண்ணெய் ஆவியாகி நீலமாய் எரியும். துவாரம் அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்த வேண்டும். அது எரிகிற இரைச்சலில் லயமே விழித்துக்கொள்ளும். காஸ் வந்ததும் அப்பா அதை 200 ரூபாய்க்குப் போட்டுவிட்டார்.

2022 வந்தது. இலங்கையில் காஸுக்குத் தட்டுப்பாடு. வெறும் சிலிண்டரோடு நாடே வரிசையில். அப்பா பழைய இரும்புக்காரரிடம் ஓடினார். "ஐயா, இப்ப அது அன்டீக். 4,000." அப்பா அடுப்பைக் கவிழ்த்து, "இது என்னுடையது, அடியில் என் பேரைப் பார்" என்றார். அவர் பார்த்தார். "பேர் வேற வெட்டியிருக்கா? அப்ப இன்னும் 500."

நடுவர் சிரிக்கிறார், மறுபடி சொல்கிறேன். அப்பாவின் சொந்தப் பேருக்கு 500 ரூபாய்! அதையும் கொடுத்து வாங்கி வந்தார். ஸ்பிரிட் இருந்தது, ஊசி இருந்தது. மண்ணெண்ணெய்? அதற்கும் வரிசை! கடைசியில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட குச்சிகளை, அந்த மிலாறைப் பொறுக்கி வந்து மண் அடுப்பில்தான் சோறு வெந்தது.

ஆகவே தம்பி, எங்களை யோசித்துப் போடுங்கள். போடும்போது 200, திருப்பிக் கேட்டால் 4,500!

"புகையையுமா காப்பீர்கள்?" என்றும் கேட்டார். புகைக்குத் திரும்பச் சொல்லவில்லை, தம்பி. அந்தப் புகையில் எங்கள் அம்மாயி, அதான் அம்மாவைப் பெற்றவர், இருமியதையும் சேர்த்து எழுதி வையுங்கள் என்கிறேன். விடியுமுன் எழுந்து, ஈர மிலாறை ஊதி ஊதி, ரொட்டி தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார். மழையில் நனைந்த கம்பளியும் எங்கள் பள்ளிக்கூடச் சட்டையும் காய்ந்தது அந்த அடுப்புச் சூட்டில்தான்.

1867இல் கண்டிக்கருகே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டாரே ஜேம்ஸ் டெய்லர் துரை, அவருடைய குடிசை போய்விட்டது. அவர் குளிர்காய்ந்த இடத்துப் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்தத் துரைக்குக் கொழுந்து பறித்தவள் வீட்டு அடுப்பு எங்கே?

மணி அடித்துவிட்டது, இதோ முடிக்கிறேன். எங்கள் லயத்தை உடைத்த அன்று, அம்மா ஒரே ஒரு அடுப்புக் கல்லை மட்டும் அம்மாயியின் கம்பளியில் சுற்றி எடுத்து வந்தார். புது வீட்டில் வைக்க இடமில்லை. கதவு காற்றில் அடிக்காமலிருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம். ஒரு பக்கம் இன்னும் கரி போகவில்லை.

வணக்கம்.