சங்கை யார் காதில் ஊதுவது?

(ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வினில் நடந்த பொங்கல் விழாவில் பேசியது. கைதட்டலையும் மைக்கின் கரகரப்பையும் நீக்கிவிட்டு எழுதியிருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஒரு வாரமாக வீட்டுப் பக்கமே போகாமல் விழா வேலை பார்த்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே! அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நம் தம்பி ஒருவர் காதோடு காதாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். தம்பி, இன்றைக்கு ஒரு வார்த்தையும் விடாதீர்கள், காரணம் இருக்கிறது. விடியற்காலையிலிருந்து பானையோடு மல்லுக்கட்டிய தாய்மார்களே, சாப்பாட்டு வரிசை எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் பொங்கல் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய டாக்டர் ஐயா எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிதான் எனக்கு என்று தலைவர் சொல்லியிருக்கிறார். பாதியே தாராளம்.

மூன்று விஷயம் சொல்வதாக இருக்கிறேன். ஒன்று, நான் வாத்தியாராகப் போன தீவின் வாழ்க்கை. இரண்டு, வகுப்பறையில் கண்டது. மூன்று, முதலை. பிள்ளைகள் மூன்றாவதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

எந்தத் தீவு என்று கேட்காதீர்கள். இங்கிருந்து கிழக்கே உள்ள ஆர்னெம் லாண்டின் வடகரையை ஒட்டிய ஒரு தீவு, யோல்ங்கு என்ற பழங்குடி மக்களின் ஊர். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் உறவு. பெயரைச் சொன்னால் இன்று ராத்திரியே எனக்குப் போன் வந்துவிடும். இங்கிருந்து சின்ன விமானத்தில் போக வேண்டும். அரிசி பருப்பு முதல் கட்டில் மெத்தை வரை டார்வினிலிருந்து சரக்குப் படகில்தான் வரும். விலையைக் கேட்டால் தக்காளியைத் தொடவே மாட்டீர்கள். மது கிடையாது. 1976-ஆம் ஆண்டு நிலவுரிமைச் சட்டப்படி நிலம் அவர்களுடையது, வெளியாள் நினைத்தபடி போய் இறங்கிவிட முடியாது. அது சரியான ஏற்பாடு என்பது என் கட்சி.

கடற்கரையில் பெரிய பெரிய புளியமரங்கள் நிற்கும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவின் மக்கசார் மாலுமிகள், குறைந்தது 1700-களிலிருந்து, பருவக்காற்றைப் பிடித்து அங்கே வந்து கடல் அட்டை எடுத்தார்கள். அதை வேகவைத்து, உலர்த்தி, சீனத்துக்கு விற்றார்கள். அவர்கள் தங்கின இடமெல்லாம் புளியமரம். 1907-வாக்கில் அன்றைய அரசு உரிமத்தை நிறுத்தியதும் படகு வருவது நின்றது, மரம் நின்றுகொண்டே இருக்கிறது. புளி கிடைக்கிற ஊரில் தமிழன் பிழைத்துக்கொள்வான். மழைக்காலத்தில் அந்தப் புளியில் நான் வைத்த ரசத்தைக் குடிக்க அடுத்த வீட்டு வாத்தியார்கள் தம்ளரோடு வந்து நிற்பார்கள்.

சரி, வகுப்பறைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் மாமியார் கதையைச் சொல்லியாக வேண்டும்.

யோல்ங்கு மக்களுக்கு உலகமே இரண்டு பாதி, துவா, யிரிட்ஜா என்று. மனிதர் மட்டுமல்ல, காற்று, மீன், மரம், நட்சத்திரம் எல்லாம் ஏதாவது ஒரு பாதியைச் சேர்ந்தவை. பிள்ளை அப்பாவின் பாதி, கல்யாணம் அடுத்த பாதியில். மாமன் மகள், அத்தை மகன் என்று வளர்ந்த நமக்குப் புரியாத கணக்கில்லை இது. அந்தக் கணக்கில் இடமில்லாத ஆளோடு எப்படிப் பழகுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் தங்கி வேலை பார்க்க வருகிறவனை ஏதாவது ஒரு குடும்பம் தத்தெடுத்துக்கொள்ளும். என்னையும் ஒரு பாட்டி எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் நண்டு சுட்டுக்கொண்டிருந்தபோது, “இனி நீ என் மகன்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினவன் அதன் பின்விளைவைக் கேட்டிருக்க வேண்டும்!

திங்கள் காலை வகுப்புக்குப் போகிறேன். உதவி ஆசிரியை உள்ளூர்ப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். அவர் இல்லாமல் அந்த வகுப்பு ஓடாது. வெள்ளிக்கிழமை வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் “குட் மார்னிங்” என்றேன், பதிலில்லை. கரும்பலகைப் பக்கம் போனேன், அவர் ஜன்னல் பக்கம் போனார். ஜன்னல் பக்கம் போனேன், வெளியே வராந்தாவுக்கே போய்விட்டார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு ஆறு வயது வாண்டு என்னிடம் வந்து, “வாத்தியாரே, அவங்க இப்போ உனக்கு மாமியார்” என்றான். முகுல் ருமாரு என்பார்கள், மனைவியின் தாய் முறை. மருமகன் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. பாட்டி என்னை மகனாக்கினாரல்லவா, அந்தப் பக்கத்து உறவுக் கணக்குப்படி இந்தப் பெண் எனக்கு மாமியாராகிவிட்டார். அந்த வாண்டு யார் என்கிறீர்கள்? அவன் எனக்குத் தாய்மாமன். என்னை அதட்டவே அவனுக்கு உரிமை உண்டு, அதட்டவும் செய்தான்.

முன்வரிசையில் சில மருமகன்மார் இந்த ஏற்பாட்டை நம் சமூகத்துக்கும் கொண்டுவரலாமே என்று யோசிப்பது முகத்தில் தெரிகிறது. மாமியார்களும் அதையேதான் யோசிக்கிறார்கள். சிரிப்பு அடங்கட்டும், கதை இனிமேல்தான்.

பாடம் நடக்க வேண்டுமே? ஒரு வழி பிடித்தோம். நான் சொல்வதை ஒரு சிறுமி வராந்தாவுக்குப் போய்ச் சொல்வாள். மாமியார் அம்மா வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி, பிள்ளைகளைப் பார்த்துக் கையால் பேசுவார். யோல்ங்கு மக்களுக்கு முழுமையான கைமொழி ஒன்று உண்டு. வேட்டையில் சத்தம் போடக் கூடாத நேரம், சடங்கு நேரம், தூரத்தில் இருப்பவரோடு பேசும் நேரம், எல்லாவற்றுக்கும் அது ஆகும். பிறக்கும்போதே பார்த்து வளர்வதால் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அன்றைக்கு ஒன்று நடந்தது. கடைசி வரிசையில் ஒரு பையன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அவனைப் பற்றி எழுதிவைத்த குறிப்பு: “சொன்ன பேச்சு கேட்பதில்லை, அடிக்கடி எழுந்து போகிறான்.” மாமியார் அம்மா கையை அசைத்ததும் முதலில் புத்தகத்தைத் திறந்தவன் அவன். எழுது என்றால் எழுதினான். எத்தனை என்றால் விரலைக் காட்டினான். கிட்டப் போய்ப் பார்த்தேன். இடது காது மடலுக்குக் கீழே சீழ் வழிந்து காய்ந்து கோடாக இருந்தது. மருத்துவ நிலையத்து நர்ஸ் கருவியை வைத்துப் பார்த்தார். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை.

நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது, “செவிடன் காதில் ஊதின சங்கு.” அந்தச் சொல்லை இப்போது சொல்லக் கூடாது என்று என் மகள் கோபித்துக்கொள்வாள், பழமொழி என்பதால் மன்னிக்க வேண்டும். எத்தனை வாத்தியார்கள் அந்தப் பையன் காதில் சங்கு ஊதியிருப்பார்கள்! ஊதினவர்கள் எல்லாரும் பையனைத்தான் திட்டினார்கள்.

நடுக்காதில் நீர் கட்டினால் செவிப்பறை சரியாக அதிராது. தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை முக்கிக்கொண்டு பாடம் கேட்பது போல இருக்கும். அதிலும் ‘ஸ’, ‘ஃப’ மாதிரி மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். அவை யோல்ங்கு மொழிகளில் கிடையாது, பள்ளிக்கு வந்துதான் பிள்ளை அவற்றை முதன்முதலில் கேட்க வேண்டும். அந்தக் காதில்தான் நாம் இங்கிலீஷ் ஊற்றுகிறோம். 2008 அக்டோபரில் நம் வடக்குப் பிரதேச அரசு உத்தரவு போட்டது, பள்ளியில் முதல் நாலு மணி நேரம் இங்கிலீஷில்தான் நடக்க வேண்டும் என்று. 1973-இலிருந்து தாய்மொழியும் இங்கிலீஷுமாக இரண்டு மொழியில் கற்பித்துவந்த பள்ளிகள் அதில் ஆடிப்போயின. பிறகு தளர்த்தினார்கள், ஆனால் அந்தச் சில வருஷத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது பயன்படவில்லை. தம்பி, இதை அம்மையாருக்குச் சொல்லிவிட்டீர்களா?

இங்கே டார்வினில் உள்ள மென்சீஸ் மருத்துவ ஆய்வு நிறுவனத்தார் 2001-இல் தொலைதூர ஊர்கள் 29-இல் இரண்டரை வயதுக்கு உட்பட்ட 709 பழங்குடிக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 91 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு வகை நடுக்காது நோய். நாள்பட்டுச் சீழ் வடிவது 4 சதவீதத்தைத் தாண்டினாலே அவசர நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம், அங்கே அது 15. ஒரே வீட்டில் நாலு குடும்பம் படுத்தால், குழாய் ரிப்பேராகி மாதக் கணக்கில் கிடந்தால், பிறந்த சில வாரத்திலேயே கிருமி மூக்கில் குடியேறிவிடும். தாய் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. குறை வீட்டில், அதாவது வீடு கட்டாதவர்களிடம். அப்புறம் 2012-இல் வந்த இன்னொரு ஆய்வு: டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறைகளில் சோதிக்கப்பட்ட பழங்குடிக் கைதிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குக் காது மந்தம். வகுப்பில் “சொன்ன பேச்சு கேட்பதில்லை” என்று எழுதப்பட்டவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

எனவே நான் கேட்பது இரண்டு. தொலைதூரப் பள்ளி ஒவ்வொன்றிலும் எல்லா வகுப்பறைக்கும் ஒலிபெருக்கி அமைப்பு வேண்டும். வாத்தியார் கழுத்தில் மைக், நாலு மூலையிலும் ஸ்பீக்கர், அவ்வளவுதான். நம் மண்டபத்தில் இப்போது இருப்பதைவிடச் சின்னது. இரண்டாவது, உள்ளூர் உதவி ஆசிரியைகளுக்கு நிரந்தர வேலையும், ஊரை விட்டுப் போகாமலே ஆசிரியர் பட்டம் படிக்க வழியும் வேண்டும். நான் இரண்டு வருஷத்தில் மூட்டை கட்டிவிட்டேன், என்னைப் போன்றவர்கள் எல்லாரும் கட்டுவார்கள். மாமியார் அம்மா அங்கேயே இருக்கிறார். இதைப் பல அலுவலகங்களில் சொல்லிப் பார்த்தாயிற்று, மறுபடியும் அதே சங்குதான். இந்த முறை யார் காதில் ஊதுகிறேன் என்று பழமொழி தெரிந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முதலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம், அது எங்கேயும் போய்விடாது. மனு பின்னால் பாயச மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாயசத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடுங்கள், பின்னால் போட்டால் தாள் பிசுபிசுக்கிறது. அம்மையார் கிளம்பும்போது அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து அவிழ்க்காதீர்கள். நன்றி, வணக்கம்.