மனம் வரும்வரை காத்திராமல்

நேயர்களுக்கு வணக்கம். உடற்பயிற்சி என்றதும் உடல் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. மனநல மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நான், அதே உடற்பயிற்சி மனத்துக்குச் செய்யும் நன்மையைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன்.

மனச்சோர்வோடு வருகிறவர்களிடம் நடக்கச் சொன்னால், பெரும்பாலோர் தருகிற பதில் ஒன்றே: "மனம் சரியானதும் நடக்கிறேன், டாக்டர்." இது சோம்பல் அன்று. எதையும் செய்ய விரும்பும் விருப்பத்தையே பறித்துக்கொள்வது அந்த நோயின் இயல்பு. விருப்பம் வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பவர் நாள்கணக்கில் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பே சோர்வை ஆழமாக்குகிறது. ஆகையால் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் உடல் அசையட்டும், மனம் பிறகு வந்து சேரட்டும். இந்த உரையில் இதையே பலமுறை சொல்லப் போகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆதாரமாக நான் எங்கு பேசினாலும் எடுத்துச் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் என்பவரும் அவருடைய குழுவினரும் நடத்தி 1999இல் வெளியிட்டது அது. கடுமையான மனச்சோர்வு என்று கண்டறியப்பட்ட, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் செர்ட்ராலின் என்ற மருந்து. இன்னொரு பிரிவினருக்கு வாரம் மூன்று முறை, அரை மணி நேரம் வேகமான நடை அல்லது மெதுவான ஓட்டம். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும். தொடக்கத்தில் மருந்து உட்கொண்டவர்களே விரைவாகத் தேறினார்கள். ஆனால் 16 வாரங்கள் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு குணம் பெற்றிருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த தொடர்ச்சிதான் என்னை மிகவும் கவர்ந்தது. சிகிச்சை முடிந்து ஆறு மாதங்கள் கழித்து, குணமடைந்தவர்களை அவர்கள் மீண்டும் பரிசோதித்தார்கள். மருந்தால் குணமடைந்தவர்களில் 38 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியிருந்தது. உடற்பயிற்சியால் மட்டும் குணமடைந்தவர்களில் 8 விழுக்காட்டினருக்கே திரும்பியிருந்தது. பயிற்சியைத் தாமாகவே தொடர்ந்தவர்கள் மேலும் நலமாக இருந்தார்கள். நானே முயன்று நானே மீண்டேன் என்ற உணர்வுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் உடற்பயிற்சியில் ஆர்வத்தோடு தாமே முன்வந்தவர்கள். குழுவாகப் பயிற்சி செய்ததால் பிறரோடு பழகும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. எனவே அதன் பலன் முழுவதையும் தசைகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. பலரோடு சேர்ந்து நடப்பதற்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்கும் இதுவே காரணம்.

உடல் அசைந்தால் மனம் ஏன் தெளிகிறது? வலியைக் குறைக்க உடலே உண்டாக்கும் எண்டார்ஃபின் என்ற வேதிப்பொருள் சுரப்பதால்தான் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதால், அந்த விளக்கம் மட்டும் போதாது என்பது இன்றைய கருத்து. உறுதியாகத் தெரிந்தவை வேறு சில. தொடர்ந்து நடப்பவர்கள் நன்றாக உறங்குகிறார்கள். நினைவுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வயதாக ஆகச் சுருங்குவது வழக்கம். 120 முதியோரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு அப்பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. இவற்றோடு, கவலையை மனத்துக்குள் ஓயாமல் சுழற்றிக்கொண்டிருப்பவருக்கு, மூச்சு வாங்க நடக்கும் அந்த நேரத்தில் சுழற்சி சற்றே நிற்கிறது. கவலையோடு இரவைக் கழித்தவர்களுக்கு அந்தச் சிறு இடைவெளியின் அருமை தெரியும்.

எவ்வளவு நேரம் தேவை? நார்வேயில் ஏறத்தாழ 34,000 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பயிற்சி செய்திருந்தால் புதிதாக ஏற்பட்ட மனச்சோர்வில் 12 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டது. பயிற்சி கடுமையாக இருக்க வேண்டிய தேவையும் அதில் தென்படவில்லை. பதற்ற நோய்களுக்கு இத்தகைய பாதுகாப்பு அந்த ஆய்வில் காணப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைத்தது; ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. ஆகவே ஐந்து நிமிடமும் வீண் அன்று. மீண்டும் சொல்கிறேன், விருப்பம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுங்கள், அது போதும்.

குழந்தைகளைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் முடியப்போகிறது. அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடும் நேரம் வேண்டும். தேர்வுக் காலத்தில் அந்த நேரத்தை முதலில் வெட்டாதீர்கள் என்று மட்டும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் பேசிவிட்டு, மருந்தோடு நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் யாருக்கேனும் இருந்தால், அவர் நடைப்பயிற்சியை நம்பி நாள் கடத்தாமல் இன்றே உதவி நாட வேண்டும். நன்றி, வணக்கம்.