முட்டுச்சந்துப் பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 'சின்ன நாடு' என்று பொருள்படும் தலைப்பில், பிரெஞ்சில் 2016இல் வெளிவந்த ஒரு நாவல். எழுதியவர் காயேல் ஃபாய். ராப் பாடகரும்கூட. சாவு வீட்டில் கானா கேட்டு வளர்ந்த நம்ம வடசென்னைக்காரர்களுக்கு, ஒரு பாட்டுக்காரர் துக்கத்தை எழுதுவது புதிதாகத் தோன்றாது.

கதை நடப்பது ஆப்பிரிக்காவில், புருண்டி நாட்டின் புஜும்புரா நகரத்தில். கேப்ரியலுக்குப் பத்து வயது. அப்பா பிரெஞ்சுக்காரர். அம்மா பக்கத்து நாடான ருவாண்டாவிலிருந்து அகதியாக வந்த துட்சி இனத்தவர். வசதியானவர்கள் குடியிருக்கும் ஒரு முட்டுச்சந்தில் வீடு. சமைக்க ஆள், காருக்கு டிரைவர். சந்துப் பிள்ளைகள் சேர்ந்து அக்கம்பக்கத்து மாமரங்களில் கைவைத்து, திருடின பழத்தை அங்கேயே விற்றுக் காசாக்குகிறார்கள். நம்ம ராயபுரம் பசங்க தோற்றார்கள் போங்கள்!

அங்கே ஹூட்டு, துட்சி என்று இரண்டு இனங்கள். இருவருக்கும் ஒரே மண், ஒரே மொழி, ஒரே சாமி. அப்புறம் ஏன் சண்டை? இருவருக்கும் மூக்கு வேறுவேறு என்கிறார் அப்பா. அன்றிலிருந்து பிள்ளைகள் எதிரே வருகிறவர்களின் மூக்கைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். 1993 அக்டோபரில், புருண்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் ஜனாதிபதி எந்தாதாயேவை ராணுவத்தினர் கொல்கிறார்கள். அடுத்த ஏப்ரலில் ருவாண்டாவில் இனப்படுகொலை. நூறு நாட்களில் ஏறக்குறைய 8 லட்சம் உயிர்கள்.

துப்பாக்கி வெடிக்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. என்னைக் கேட்டால், நாவலின் உயிர் ஒரு சைக்கிளில் இருக்கிறது. கேப்ரியலுக்குப் பரிசாக வந்த பி.எம்.எக்ஸ் சைக்கிளை வீட்டு வேலைக்காரன் ஒருவன் திருடி விற்றுவிடுகிறான். அது கைமாறிக் கைமாறி எங்கோ ஒரு மலைக்கிராமத்துக்குப் போய்ச் சேர்கிறது. தேடிப் போனால், அதை வைத்திருப்பவர் ஓர் ஏழை விவசாயி. அவர் திருடவில்லை, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் மகனுக்காக வாங்கியிருக்கிறார். கூட வந்த இரண்டு பேரும் வேலைக்காரர்கள்தான். ஒருவர், அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்குவது நியாயமா என்று மன்றாடுகிறார். இன்னொருவர், உன் பொருள் உன்னுடையது, எடு என்கிறார். எடுத்துவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்துக்குக் காசும் போச்சு, சைக்கிளும் போச்சு. கேப்ரியலுக்கு அவமானத்தில் அழுகை வருகிறது.

ராணுவம் தெருவில் இறங்குவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது, கவனியுங்கள். இங்கே யாருடைய மூக்கையும் யாரும் பார்க்கவில்லை. இருக்கிறவன், இல்லாதவன், அவ்வளவுதான் கணக்கு.

புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ வளர்ந்தவர் இதைப் படித்தால் கேப்ரியலோடு காரில் திரும்பிப் போகமாட்டார்; அந்த விவசாயி வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவார். நானும் அப்படித்தான் நின்றேன். அந்தக் குடும்பம் அப்புறம் என்ன ஆனது என்று நாவலுக்குள் தேடினால் கிடைக்காது. கார்க்காரப் பையன் சொல்லும் கதை. அவன் கண்ணுக்கு எட்டியது அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1921இல் பெரிய வேலைநிறுத்தம். வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தொடங்கியது. அதற்கு மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது. சங்கத்துக்காரர்கள் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். ஒரே ஆலையில் நின்று நெய்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் சேரி வீடுகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. அங்கே மூக்கு, இங்கே சாதி. ஆவணங்களில் ஆலை முதலாளியின் கணக்கும் இருக்கிறது, அரசின் கணக்கும் இருக்கிறது, சங்கத்தின் கணக்கும் இருக்கிறது. எரிந்த குடிசையிலிருந்து ஓடிய பத்து வயதுப் பிள்ளையின் கணக்குதான் இல்லை.

அந்தப் பிள்ளையைக் கேட்க இனி வழியில்லை. ஆனால் ஆலை 1996இல் மூடப்பட்டபோது பத்து வயதில் இருந்தவர்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்து சம்பளமில்லாத அப்பாவைப் பார்த்தவர்கள், இன்றும் ஓட்டேரியிலும் பெரம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், எழுதுங்கள். நாவலாக வராவிட்டாலும் பரவாயில்லை. முதல் பிரதியை நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.