யாருடைய 4527?

வணக்கம் நேயர்களே.

நூலகப் பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஆரம்ப நாட்களில் இரண்டு நூலகங்களின் பதிவுகளை ஒரே கூட்டுப் பட்டியலில் ஏற்றினோம். இரண்டாவதை ஏற்றி முடித்துத் தேடினால், அறுவை சிகிச்சை நூல் ஒன்றைக் காணோம். அது இருந்த இடத்தில் சிறுவர் கதைப் புத்தகம் இருந்தது. இரண்டு நூலகத்திலும் அவை 4527ஆம் பதிவுகள். பழைய பதிவுக்குத் திருத்தம் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்ட கணினி, முன்னதை அழித்துவிட்டு எழுதிவிட்டது. எத்தனை பதிவுகள் இப்படிப் போயின என்று எண்ணிப் பார்க்கவே எங்களுக்குச் சில நாட்கள் ஆயின.

சரி, நூல்களில் அச்சிடப்படும் சர்வதேசத் தர நூல் எண்ணான ஐஎஸ்பிஎன்னையே அடையாள எண்ணாக வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். அது சர்வதேசத் தரமானதே 1970இல்தான். அதற்கு முந்தைய நூல்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் என்ன செய்வது? 2007 ஜனவரிக்கு முன் பத்து இலக்கம், பிறகு பதின்மூன்று. பழைய எண்ணைப் புது நூலுக்குப் போட்டுவிடும் பதிப்பாளர்களும் உண்டு. இதெல்லாம் போக, ஐஎஸ்பிஎன் பதிப்பைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது பதிவைக் குறிக்கும் எண். ஒரே பதிப்புக்குப் பத்து நூலகங்கள் பத்துப் பதிவுகள் வைத்திருக்கலாம். தேடுவதற்கு ஐஎஸ்பிஎன் அருமையான துணை, அந்த வேலைக்கே அதை விட்டுவிடுவோம்.

நூலகப் பதிவுகளைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான மார்க் வடிவத்தை வகுத்தவர்கள் இதை அன்றே யோசித்திருக்கிறார்கள். பதிவில் ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு, அதைப் புலம் என்பார்கள். 001ஆம் புலத்தில் எண், 003ஆம் புலத்தில் அது யாருடைய எண் என்று சொல்லும் நிறுவனக் குறியீடு. பதிவை வாங்கும் நூலகம் இரண்டையும் சேர்த்து 035ஆம் புலத்தில் வைத்துவிட்டு, 001இல் தன் எண்ணைப் போட்டுக்கொள்ளும். 003ஐக் காலியாக விட்டு அனுப்பும் கோப்புகளைப் பார்த்தால் எனக்கு இன்றும் பதற்றமாக இருக்கும். பல நிறுவனங்களின் பதிவுகளை இணையம் வழியே திரட்டும் ஓஏஐ முறையிலும் இதே யோசனைதான்: ஓஏஐ என்ற முன்னொட்டு, நிறுவனத்தின் இணையப் பெயர், உள்ளூர் எண், மூன்றையும் முக்காற்புள்ளியால் கோத்துவிடுகிறார்கள்.

அப்புறம், எண்ணுக்குள் அலமாரியையோ பாடப்பிரிவையோ பொதிந்து வைக்காதீர்கள். நூல் இடம் மாறும், எண் மாறக்கூடாது. விரிதாளில் திறந்து சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். 004527 என்பது முன்சுழிகளை இழந்து 4527 ஆகிவிடும், அடுத்த முறை அது புதுப் பதிவாகப் போய் உட்காரும். நீக்கிய பதிவின் எண்ணை வேறு நூலுக்குத் தரவே கூடாது. நீக்கியதையும் 'நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு அனுப்புங்கள், இல்லையென்றால் மற்றவர்களின் பட்டியலில் அந்த நூல் இருந்துகொண்டே இருக்கும். வாசகர் தேடி வந்து ஏமாந்து போவார்.

நூலக மென்பொருளை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அடையாள எண்கள் அப்படியே புதியதற்கு வருமா என்று ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வராது என்றால், பழையதையும் புதியதையும் இணைக்கும் அட்டவணை ஒன்றையாவது கேளுங்கள். பதிவுகளை உங்களிடமிருந்து வாங்கும் ஒவ்வொரு நூலகத்துக்கும் அது தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.