கேஸ் கீசர் மாட்டும் முறை: பெட்டி வெளியே, வெந்நீர் மட்டும் உள்ளே

(காட்சி: சின்ன பாத்ரூம். கதவும் ஜன்னலும் மூடியிருக்கு. சுவரில் கீசர் எரியுது.)

வணக்கம். மார்கழி, தை மாசத்துல நம்ம வேலூர்ப் பக்கம் விடியக்காலையில பச்சைத் தண்ணி ஊத்திக்க முடியாது. ஏலகிரியிலயும் ஜவ்வாது மலையிலயும் சொல்லவே வேணாம். கரண்ட் பில்லை யோசிச்சு நிறைய பேர் கேஸ் கீசர் வாங்குறாங்க. வாங்குறதுல தப்பில்ல. எங்க மாட்டுறோம், புகை எந்த வழியா வெளியே போகுதுங்கிறதுலதான் உயிரே இருக்கு.

முதல்ல ஒரு கணக்கு. நிமிஷத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தர்ற கீசர் ஏறக்குறைய 12 கிலோவாட் அளவுக்கு எரியும். சமையல் அடுப்போட பெரிய பர்னர் 2 கிலோவாட் பக்கம். அதாவது ஆறு அடுப்பை ஒரே நேரத்துல முழுசாத் திறந்துவிட்ட மாதிரி. ஒரு மணி நேரம் எரிஞ்சா இது கிட்டத்தட்ட 1 கிலோ கேஸ் குடிக்கும். அதை எரிக்க 12 கன மீட்டர் காத்து வேணும். நம்ம வீட்டு பாத்ரூம் பெரும்பாலும் 5 அடிக்கு 7 அடி, உயரம் 9 அடி. மொத்தமே 9 கன மீட்டர் காத்துதான் இருக்கு.

நல்லா இறுக்கி மூடின பாத்ரூம்னா, பத்தே நிமிஷத்துல காத்துல இருக்குற ஆக்சிஜன் 21 சதவீதத்துலேர்ந்து 17-க்குக் கீழ இறங்கிடும். 18 பக்கம் வரும்போதே சுடர் திணற ஆரம்பிக்கும். முழுசா எரியாத கேஸ் கார்பன் மோனாக்சைடா மாறும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சிலிண்டர் கேஸ் கசிஞ்சா நாறுதே, அது கம்பெனியில கலக்குற மெர்காப்டன் வாசனை. எரிஞ்சதும் அந்த வாசனை போயிடும். "நாத்தமே வரலையே"ன்னு நம்பி உள்ள நிக்கக் கூடாது.

இந்தக் கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இறுக்கிப் பிடிச்சுக்கும். தலைவலி, தலைசுத்தல், வாந்தி வரும், கால் துவளும். கால் துவண்ட பிறகு தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. பாத்ரூம்ல விழுந்து வெட்டி இழுத்தவங்களை வலிப்பு நோயாளின்னு நினைச்சு, அப்புறம் காரணம் கீசர்தான்னு நம்ம நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க.

அதனால எங்க முடிவு ஒண்ணுதான். கீசர் பெட்டி பாத்ரூமுக்கு வெளியே இருக்கணும். உள்ள வெந்நீர்க் குழாய் மட்டும் போகணும். "வென்டிலேட்டர் இருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு, உள்ளேயே மாட்டிடலாம்"னு கடைக்காரர் சொன்னாலும் சரி, பிளம்பர் சொன்னாலும் சரி, ஒத்துக்காதீங்க.

(காட்சி: வீட்டின் பின்பக்கம். துணி துவைக்கிற கல், சம்ப் மூடி, திறந்த தாழ்வாரம்.)

நம்ம ஊர் வீடுகள்ல நல்ல இடம் பின்பக்கத் தாழ்வாரம். மேல ஷீட்டோ சன்ஷேடோ இருக்கணும், பக்கவாட்டுல திறந்திருக்கணும். மழை நேரா அடிக்கக் கூடாது. படுக்கையறை ஜன்னலும் பாத்ரூம் வென்டிலேட்டரும் கீசர்லேர்ந்து குறைஞ்சது 3 அடி தள்ளி இருக்கட்டும். இல்லேன்னா வெளியே போன புகை திரும்ப உள்ள வரும். ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்குற 2 அடி சந்து, அபார்ட்மென்ட்ல பைப் போறதுக்கு விடுற டக்ட், இது ரெண்டும் வெளி இடம் மாதிரி தெரியும், ஆனா வெளி இல்ல. காத்து அங்க சுழன்று நிக்கும், புகை மேல் வீட்டு பாத்ரூமுக்குள்ள போயிடும்.

கிரில் அடிச்சு கண்ணாடி போட்ட யூட்டிலிட்டி அறைன்னா, மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு திறப்பு, நேரா வெளியே பார்த்த மாதிரி விடணும். ஒவ்வொண்ணும் 6-க்கு 6 அங்குலம் முழுசாத் திறந்திருக்கணும். வலையோ சாய்வுப் பட்டையோ போட்டா பாதி அடைஞ்சிடும், அப்போ திறப்பை ரெண்டு மடங்கு ஆக்குங்க. கொசு வருது, குளிர் அடிக்குதுன்னு மார்கழியில நியூஸ் பேப்பர் வச்சு அடைக்கிற பழக்கம் இருக்கே, அதை இந்த அறையில மட்டும் செய்யவே கூடாது.

இப்போ புகைக்குழாய். பாதி பேர் கோட்டை விடுறது இங்கதான்.

கீசர்ல மூணு ரகம் இருக்கு. சின்ன, விலை குறைஞ்ச மாடல்ல புகைக்குழாயே இருக்காது, தலையில வெறும் துவாரம்தான். அது திறந்த வெளிக்கு மட்டும்தான் லாயக்கு. ரெண்டாவது, தலையில வட்டமான காலர் இருக்கும், அதுல குழாய் மாட்டணும். சூடான புகை தானா மேல ஏறிப் போகும். மூணாவது, உள்ளேயே ஃபேன் வச்சு புகையைத் தள்ளுறது. யூட்டிலிட்டி அறையில மாட்டுறவங்க ரெண்டாவது அல்லது மூணாவது ரகம் வாங்குங்க. எதுவா இருந்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15558 எண்ணும் பெட்டியில இருக்கான்னு பாருங்க. பெயர்ப்பலகையில எல்.பி.ஜி.ன்னு போட்டிருக்கா, குழாய்வழி இயற்கை எரிவாயுன்னு போட்டிருக்கான்னும் பாருங்க. குழாய் கேஸுக்கான கீசர்ல ஜெட் துளை பெருசு. அதை சிலிண்டர்ல மாட்டினா கேஸ் அதிகமா வந்து, மஞ்சளா எரிஞ்சு, கரி பிடிக்கும்.

(காட்சி: கீசர் காலரிலிருந்து மேலே ஏறும் தகரக் குழாய், நிதானமாகக் காட்டவும்.)

தானா ஏறுற ரகத்துக்கு, காலர் என்ன விட்டமோ அதே விட்டத்துல குழாய். குறைக்கவே கூடாது. காலருக்கு மேல முதல் 2 அடி நேரா செங்குத்தா ஏறணும், அதுக்கு அப்புறம்தான் முதல் வளைவு. சுவரைத் தாண்டுற படுக்கைத் துண்டு முடிஞ்ச அளவு சின்னதா, ஒரு அடிக்கு கால் அங்குலம் வெளிப்பக்கம் உயர்ந்துகிட்டே போகணும். ரெண்டு எல்போவுக்கு மேல வேணாம். வெளியே வந்ததும் திரும்ப மேல ஏத்தி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல 2 அடி விட்டு, மழைத் தொப்பி போடுங்க. சன்ஷேடுக்கு அடியில முடிச்சா புகை அங்கயே தேங்கும்.

குழாய் ஜி.ஐ. தகரம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பி.வி.சி. குழாய் கையில இருக்குன்னு அதை மாட்டிடாதீங்க. அது 80 டிகிரிக்குள்ளேயே இளகிடும், புகையோ 100 டிகிரியைத் தாண்டும். கொடி மாதிரி வளையுற அலுமினியக் குழாயும் வேணாம். அது நாளாக நாளாகத் தொய்யும், தொய்ஞ்ச இடத்துல தண்ணி தேங்கி துளை விழும். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னா, ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டர் தண்ணி ஆவியா உருவாகுது. குளிர்ந்த குழாய்ல அது வேர்த்து வடியும். ஃபேன் ரகத்துக்கு சாய்வு நேர்மாறா, வெளிப்பக்கம் லேசா தாழ்ந்து இருக்கணும். இல்லேன்னா அந்தத் தண்ணியும் மழையும் ஃபேனுக்குள்ளேயே இறங்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் பத்திச் சொல்லணும். கதவு மூடின இடத்துல ஃபேன் ஓடினா அது எங்கேர்ந்தாவது காத்தை இழுக்கணும். சுலபமான வழி அந்தப் புகைக்குழாய்தான். மேல போக வேண்டிய புகை கீழ இறங்கி அறைக்குள்ள வரும். சமையலறை சிம்னியும் இதையேதான் செய்யும். யூட்டிலிட்டியும் சமையலறையும் ஒட்டினாப்ல இருந்தா நடுக் கதவை மூடி வைங்க. கீசர் இருக்குற அறையில எக்ஸாஸ்ட் ஃபேனே வேணாம்.

சிலிண்டர் விஷயம். தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர். அடுப்புக் குழாய்ல 'டீ'ங்கிற மூணு வழி ஜாயின்ட் போட்டுப் பிரிச்சா ரெண்டுக்குமே அழுத்தம் பத்தாது, கசியுற ஜாயின்ட்டும் கூடும். ரெகுலேட்டர் வீட்டு உபயோகத்துக்குன்னு ஏஜென்சி கொடுக்குற சாதாரண ரகமே போதும். ஹோட்டல் அடுப்புக்குப் போடுற ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டினா சுடர் கீசரை விட்டே வெளியே வரும். டியூப் ஆரஞ்சு நிற சுரக்ஷா, ஒன்றரை மீட்டர். அதுல காலாவதி வருஷம் அச்சிட்டிருக்கும், 5 வருஷத்துக்கு மேல ஓட்டாதீங்க. டியூபைச் சுவருக்குள்ள விட்டு எடுக்கக் கூடாது. எலி கடிச்சாலும் தெரியாது. சுவரைத் தாண்டணும்னா செம்பு அல்லது ஜி.ஐ. குழாய்.

எல்.பி.ஜி. காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட தவழ்ந்து பள்ளத்துல போய் உட்காரும். நம்ம வீடுகள்ல பின்பக்கம்தான் சம்ப் இருக்கும், சாக்கடை வாய் இருக்கும். சிலிண்டரை சம்ப் மூடிகிட்ட வைக்காதீங்க. மோட்டார் சுவிட்ச் போடுற பொறி ஒண்ணு போதும்.

தண்ணிப் பக்கம் சீக்கிரம் சொல்லிடலாம். டேங்க் அடிப்பாகம் கீசரை விட 8-லேர்ந்து 10 அடி உயரத்துல இருந்தாதான் உள்ள இருக்குற சுவிட்ச் விழுந்து பர்னர் பத்தும். மாடி வீட்டுல டேங்க் நேரா தலைக்கு மேல இருந்தா, குறைஞ்ச அழுத்தத்துல வேலை செய்யுற மாடலைக் கேட்டு வாங்குங்க. நுழையுற பக்கம் ஒரு பால் வால்வு, ஒரு வலை ஃபில்டர். வெந்நீர்க் குழாய் சூடு தாங்குற சி.பி.வி.சி., சாதாரண பி.வி.சி. கூடாது. உயரம், சுடர் தெரியுற கண்ணாடித் துவாரம் கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி. துணிக் கொடி, பிளாஸ்டிக் சீலிங் எதுவும் மேல வரக் கூடாது.

(காட்சி: சோப்பு நுரையைப் பிரஷால் ஜாயின்ட்டில் தடவும் கை. குமிழ் வருவதை நெருக்கமாகக் காட்டவும்.)

மாட்டினதும் முதல் சோதனை கசிவு. கீசர் எரியாம இருக்கட்டும், ரெகுலேட்டரைத் திறங்க. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கெட்டியான சோப்பு நுரை தடவி ரெண்டு நிமிஷம் பாருங்க. குமிழ் ஊதினா கசியுது. தீக்குச்சி கிழிச்சுப் பார்க்குற வேலையே வேணாம். ஒவ்வொரு தடவை சிலிண்டர் மாத்தும்போதும் இதைச் செய்யணும்.

ரெண்டாவது சோதனை புகை இழுக்குதான்னு. கசிவு இல்லைன்னு உறுதியான பிறகு, கீசரை 5 நிமிஷம் எரிய விடுங்க. அறைக் கதவு ஜன்னலை மூடுங்க, சமையலறை சிம்னியை முழு வேகத்துல போடுங்க. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, குழாய் மாட்டின காலருக்குக் கீழ இருக்குற திறந்த இடுக்குல காட்டுங்க. ஊதுபத்திப் புகை உள்ள இழுபட்டா சரி. அசையாம நின்னாலோ, உங்க முகத்துப் பக்கம் திரும்பினாலோ உடனே அணைச்சுட்டு குழாயைச் சரிபண்ணுங்க. காத்து பலமா அடிக்கிற நாள்ல இன்னொரு தடவை பாருங்க.

சுடர் நீலமா, கூர்மையா இருக்கணும். மஞ்சள் நுனி வந்தா காத்து பத்தல, இல்ல பர்னர் அடைச்சிருக்கு. ஆனா நீலமா எரியுதுங்கிறதை மட்டும் வச்சு நிம்மதியா இருந்துடாதீங்க. அதே மாதிரி 20 நிமிஷத்துல தானா அணையுற வசதி இருக்கு, அது காத்தைப் பார்த்து அணையல, கடிகாரத்தைப் பார்த்து அணையுது. திரும்பப் போட்டா திரும்ப எரியும்.

அலாரம் வாங்குறவங்க கவனிங்க. கேஸ் கசிவு அலாரம் வேற, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேற. முதலாவது தரைகிட்ட மாட்டுறது. ரெண்டாவது மூச்சு விடுற உயரத்துல, பாத்ரூமுக்கு வெளியே, ஆவி படாத இடத்துல.

நம்ம ஊர்ல கீசர் வருஷத்துல மூணு நாலு மாசம்தான் ஓடும். மீதி மாசமெல்லாம் சும்மா இருக்கும்போது குளவி வந்து புகைக்குழாய் வாய்ல மண்கூடு கட்டும், சிலந்தி பர்னர் குழலுக்குள்ள கூடு கட்டும். கார்த்திகையிலயே தொப்பியைக் கழட்டிப் பாருங்க, டெக்னீஷியனைக் கூப்பிட்டு பர்னரையும் செம்புத் தகடுகளையும் சுத்தம் பண்ணுங்க. போர் தண்ணி உப்புன்னா செம்புச் சுருளுக்குள்ள சுண்ணாம்பு படியும். கடகடன்னு சத்தம் வந்து, தண்ணி குறைச்சலா, கொதிக்கக் கொதிக்க வந்தா அதுதான். ஒரு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு உள்ள நிறுத்தி, ஒரு மணி நேரம் கழிச்சு அலசுங்க. கழிவறை ஆசிட் செம்பைத் தின்னுடும்.

ஏற்கெனவே உள்ள மாட்டியிருக்காங்க, வாடகை வீடு, மாத்துறதுக்கு நாளாகும்னா அதுவரைக்கும் இப்படிச் செய்யுங்க. கதவும் வென்டிலேட்டரும் திறந்திருக்க, வெளியே நின்னு பக்கெட்டை ரொப்புங்க. கீசரையும் ரெகுலேட்டரையும் அணைங்க. பத்து நிமிஷம் காத்தாட விடுங்க. அப்புறம்தான் உள்ள போய்க் குளிக்கணும். பாத்ரூம் தாழ்ப்பாளை வெளியிலேர்ந்தும் திறக்குற மாதிரி மாத்திடுங்க. குழந்தைங்க, வயசானவங்க தனியா போகக் கூடாது.

யாராவது உள்ள மயங்கிட்டா, மூச்சைப் பிடிச்சுகிட்டு கதவைத் திறங்க, கேஸை மூடுங்க, ஆளை வெளிக்காத்துக்கு இழுத்துட்டு வாங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. மூச்சு இல்லைன்னா உடனே நெஞ்சு அழுத்தி சி.பி.ஆர். ஆரம்பிங்க. வீட்டுல இருக்குற ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டிப் பார்த்துட்டு "98 காட்டுது, ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிடாதீங்க. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையே "கேஸ் கீசர் ஓடிட்டிருந்த பாத்ரூம்ல விழுந்தாங்க"ன்னு இருக்கட்டும். அதைக் கேட்டாதான் முழு ஆக்சிஜன் உடனே வைப்பாங்க, ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்குற கார்பாக்சி ஹீமோகுளோபின் பரிசோதனை எடுப்பாங்க. அதே வீட்டுல வேற யாருக்காவது தலைவலி, குமட்டல் இருந்தா அவங்களையும் கூடவே கூட்டிட்டுப் போங்க.

கசிவு வாசனை வந்தா கூப்பிட வேண்டிய எண் 1906. சுவிட்ச் எதையும் தொடாம, வெளியே வந்து நின்னு பேசுங்க.